தன்மேற்கோள் நீங்கலாக

டெப்ரெட்சென், நவம்பர்.
படிவத்தின் ஏழாவது கட்டம் கேட்கிறது:
மொத்த மேற்கோள்கள், தன்மேற்கோள் நீங்கலாக.
நான் இயற்பியல் படித்தவன் இல்லை.
ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில்
பிறர் எழுதியதை எண்ணுகிறவன்.
சம்பளம் அதற்குத்தான்.

இன்றைய கோப்பு ஹய்னோட்சி எமோகெ.
வயது அறுபத்தெட்டு.
கட்டுரைகள் நாற்பத்து மூன்று என்கிறார்.
பத்தொன்பதுதான் என்கிறது கணினி.

மீதியைத் தேடி இரண்டு நாள் போயிற்று.
கிடைத்தன, வேறொருத்தியின் பெயரில்:
ஸெந்த்ரெய் பேலானே.
பேலாவின் மனைவி என்று பொருள்.
அன்றைய வழக்கம் அது.
கணவன் பெயரின் வாலில் ஒரு 'னே',
அந்த ஓரெழுத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டும்.
பேலா பல் மருத்துவர்.
மணமுறிவு ஆகி முப்பது வருடம்.
இருபத்துநான்கு கட்டுரைகளின் நெற்றியில்
இன்னும் உட்கார்ந்திருக்கிறார்,
காலி செய்யாத குடித்தனக்காரரைப் போல.

எமோகெ அளந்தது ஏறக்குறைய ஒன்றே ஒன்று.
நைட்ரஜன் அணுக்கரு
தன்மேல் வந்து மோதும் புரோட்டானை
எத்தனைக்கு ஒருமுறை உள்ளே விடும்?
கதவு தட்டுவோர் கோடானுகோடி.
நுழைவது ஒன்று.
அந்த ஒன்றுக்காக அடித்தளத்தில் காத்திருப்பு.
பகலில், ஒன்றாம் எண் டிராம்
காட்டோர வளைவில் திரும்பும் ஒவ்வொரு தடவையும்
கற்றை நடுங்குமாம்.
ஆகவே கடைசி டிராம் அடங்கியபின்,
முதல் டிராம் மணியடிக்கும் வரை.
ஜன்னல் இல்லாத அறை.
கோள்களையும் அவர் பார்த்ததில்லை,
மேற்கோள்களையும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு.
பதினொரு பக்கம், பேலானே பெயரில்.
முந்நூற்றுப் பதிமூன்று பேர் சுட்டியிருக்கிறார்கள்.
எண்ணை எடுத்துக்கொண்டவர்கள்
அதன் பக்கத்தில் நின்ற கூட்டல்கழித்தல் குறியை
வழியிலேயே இறக்கிவிட்டார்கள்.
உப்சாலாவில் ஒருவர், லிமாவில் ஒருவர்,
தொப்புளற்ற அந்த எண்ணை வைத்துக்
கிழட்டு விண்மீன் கூட்டங்களுக்கு வயது சொன்னார்கள்.

பிறகு இரண்டாயிரத்து மூன்று.
ஒன்றரைப் பக்கம். சொந்தப் பெயர்.

"இலக்குத் தகட்டில் ஃபுளோரின் ஒட்டியிருந்தது.
கண்ட ஒளியில் பாதி அதனுடையது.
எண்ணைப் பாதியாக்குக.
தகடு துடைத்த திரவத்தின் புட்டியைப்
பதினேழு ஆண்டு எறியாமல் வைத்திருந்த
பண்டகசாலை வாஸுலுக்கு நன்றி."

அவ்வளவுதான்.
வருந்துகிறேன் என்று எங்குமே இல்லை.

எரிவது மெல்ல என்றால் ஆயுள் நீளம்.
ஓர் இதழ் அஞ்சலில் போன வாரத்தில்
பழைய விண்மீன்களுக்கு
எழுபது கோடி ஆண்டு கூடிற்று.
யாரும் கேக் வெட்டவில்லை.

இரு பெண்களை ஒருத்தியாக்க
ஒரு பொத்தான் உண்டு.
நிச்சயமாகவா என்று கேட்கும்.
அழுத்தினேன்.
முந்நூற்றுப் பதிமூன்று
முந்நூற்றுப் பன்னிரண்டு ஆனது.

எது குறைந்தது என்று பார்த்தேன்.
அந்த ஒன்றரைப் பக்கம்.
இதுவரை எமோகெ என்னும் யாரோ
பேலானே என்னும் யாரோவைத் திருத்தியதாக இருந்தது.
இப்போது தன்மேற்கோள்.
முந்நூற்றுச் சொச்சம் பேரில்
அந்தத் தகட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்த ஒருத்தி
விதிப்படி நீங்கலாக.

கையெழுத்துப் போட மாலையில் வந்தார்.
ஈரக் கோட்டு, கையில் வறுத்த கஷ்கொட்டைப் பொட்டலம்.
விவரம் சொன்னேன்.
வேண்டுமானால் பொத்தானைத் திருப்பலாம்,
பெயர்களைப் பிரித்தே வைக்கலாம், ஒன்று கூடும் என்றேன்.

"கழித்துவிடுங்கள்," என்றார்.
"பின்னணியைக் கழிப்பதுதானே
இத்தனை நாள் பார்த்த வேலை."
கஷ்கொட்டை ஒன்றை உரித்து மேசைமேல் வைத்தார்.
"பேலா கோபித்துக்கொள்வார், பாவம்.
அவருடைய மேற்கோளெல்லாம் போயிற்றே."

அவர் போனதும் ஏழாவது கட்டத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு என்று அடித்தேன்.
பக்கத்தில் கூட்டல்கழித்தல் போட்டுப் பார்த்தேன்.
எண்கள் மட்டுமே என்று
சிவப்பில் மின்னிற்று படிவம்.