பூஜ்யம் மட்டும்

தேவகோட்டையில் ஏழு இரும்புக்கடைக்கும்
ஒரு அரிசி ஆலைக்கும்
ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவள்.
என் சொந்தக் கணக்கு
போனில், காஸ் புக்கிங்குக்குப் பின்னால்
மூன்றாம் பக்கத்தில்.

"இன்று எத்தனை கோப்பை?" என்று கேட்கும்.
எங்கள் வீட்டில் கோப்பை ஏது.
எவர்சில்வர் டம்ளர்,
விளிம்பில் மாமியார் பெயர் வெட்டியது.
மருந்து மூடியால் அளந்து பார்த்தேன்.
பதினெட்டு மூடி.
மூன்று கோப்பை என்றது செயலி.
ஒரு டம்ளர்தானே என்று
நாலு வருஷமாய்
எனக்கே நான் போலி ரசீது கொடுத்திருக்கிறேன்.

ஏன் குடித்தீர்கள்?
மன அழுத்தம். கொண்டாட்டம். தனிமை. மற்றவை.
மற்றவையைத் தொட்டுவிட்டு
ஒன்றும் எழுதாமல் விட்டேன்.
இருபதாம் தேதி சர்வர் தொங்கி
ராத்திரி பதினொன்றரைக்கு
சாத்தப்பன் "என்னக்கா ஆச்சு" என்பதை
எந்தக் கட்டத்தில் போட?

வாரக் கடைசியில் பாராட்டும்:
"நீங்கள் ரூ. 520 சேமித்துள்ளீர்கள்!"
அதற்குத் தெரியாது,
டாஸ்மாக் வரிசையில் நான் நிற்க முடியாது.
ஆட்டோ ராயப்பனுக்குக் குவார்ட்டருக்கு நாற்பது,
வாயை மூட இன்னும் இருபது.
திருத்திக் கூட்டினேன்.
கணக்கென்றால் கணக்கு.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்
பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கத் தொடங்கினேன்,
புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஒன்று.
செயலியிலும் அன்றுதான் முதல் நாள்.
ஒன்பதாம் நாள் தலைவலி இல்லாமல் விழித்தேன்.
பதினோராம் நாள்
விரல் நடுங்காமல் நூல் வந்தது.
பதினான்காம் நாள் ராத்திரி
கோலாலம்பூரிலிருந்து அவர் பேசினார்.
ஆறு நிமிஷம்.
அதில் நாலு, வீட்டுவரி பற்றி.

செயலி பூஜ்யத்துக்குப் போய்விட்டது.
"பரவாயில்லை, மீண்டும் தொடங்கலாம்!"

காலையில் குளித்துவிட்டு வேட்டியை எடுத்தேன்.
பதினான்கு இழையும்
வைத்த இடத்தில் வைத்தபடி.
பதினைந்தாவதை உருவினேன்.

நோன்பன்று பங்காளி வீட்டில்
எல்லோரோடும் நின்று
மாவில் எரியும் திரியைச்
சுடரோடு வாயில் போட்டேன்.
தொண்டையில் இனிப்பு, அப்புறம் சூடு.
இருபத்தோரு இழை.
போனில் ஏழாம் நாள்.

2019-20 கோப்புப் பெட்டியில்
பாதிக் குவார்ட்டர் இருக்கிறது,
இன்னும் கொட்டவில்லை.

பத்து மணிக்கு அடித்தது.
இன்று எத்தனை?
எண்ணில் போட மனம் வரவில்லை.
குறிப்புக் கட்டத்தைத் திறந்து
செக்கில் எழுதுகிற மாதிரி
எழுத்தால் எழுதினேன்:
பூஜ்யம் மட்டும்.