மூன்று வளைவு பின்னால்

அட்டுவம்பட்டியில் பகல் இரண்டு மணிக்கு
ஜன்னல் சாத்தியிருந்தாலும் பனி உள்ளே வந்துவிடும்.
பிளாட்டினக் கம்பியை ஐந்தாம் முறை
கரைசலில் முக்கித் தொங்கவிட்டிருக்கிறேன்.
தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு,
நான் கேட்பது அவ்வளவு படலம்தான்.
கரைப்பான் பறக்கிறது, படலம் குளிர்கிறது,
குளிர்ந்த இடமெல்லாம் பனி உட்கார்கிறது.
எழுந்து போகும்போது ஒவ்வொரு துளியும்
தான் உட்கார்ந்த குழியை விட்டுப் போகிறது.
காய்ந்தபின் பார்த்தால்
கண்ணில் புரை விழுந்த மாதிரி வெளுப்பு.
இன்றைக்குப் பதினான்கில் ஒன்பது குப்பைக்கு.

வீம்புக்கு ஒன்றைப் பொறுக்கி எடுத்து
கேன்டீன் எலுமிச்சைச் சாற்றில் வைத்தேன்,
சர்க்கரை போடாத சாறு.
முந்நூற்றுப் பத்து என்றது.
அதைக் குறை சொல்ல முடியாது.
கதவில்லாத வீட்டில் நுழைகிறவர் எல்லாம் சொந்தக்காரர்.

நொதி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.
ஒரு சர்க்கரைக்கு ஓர் ஆக்சிஜன் என்பது அதன் கணக்கு,
கடன் கிடையாது.
வருவதோ, சர்க்கரை திருவிழாக் கூட்டமாக,
ஆக்சிஜன் ஒண்டி ஆளாக.
ஆகவே என் படலம்
காமக்காபட்டி சோதனைச்சாவடி போல் நிற்கவேண்டும்:
லாரிகளை ஒவ்வொன்றாக விட்டு,
பைக்கில் வருகிறவனை
ஓரமாகப் போ என்று கைகாட்டி.

சூசைமாணிக்கம் வத்தலக்குண்டு பஸ் ஓட்டுகிறார்.
இடது புஜத்தில் என் கம்பி, இன்று பன்னிரண்டாம் நாள்.
ரத்தத்தில் நடப்பது தோலடி நீருக்குத்
தாமதமாகத்தான் தெரியும்,
அதற்குமேல் என் படலம் வேறு இருக்கிறது
என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.
தலையாட்டினார்.
நேற்று பஸ் ஸ்டாண்டில், டீ ஆறும்வரை நின்று,
"உங்க நம்பர் மூணு வளைவு பின்னாலயே வருதும்மா" என்றார்.
"பெருமாள்மலையில கை நடுங்குது.
ஓரங்கட்டி கடலை மிட்டாய் தின்னு முடிச்சு
ஊத்துக்கு வந்தப்புறம் கூவுது."
குறையாகச் சொல்லவில்லை.
முன்னால் போகும் லாரியைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

அவருடைய டிரிப் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
இன்னொன்றும் இருந்தது.
மலைமேல் எண் தாழ்கிறது,
அடிவாரத்தில் ஏறுகிறது,
விரலைக் குத்திப் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒன்றே.
நான்கு நாள்
கம்பியைச் சந்தேகித்தேன், நொதியைச் சந்தேகித்தேன்,
மிட்டாய்க் கணக்கில் அவரையும்.
ஐந்தாம் நாள் இரவு, விடுதி அடுப்பில்
பருப்பு வேகாமல் கிடந்தபோது உறைத்தது.
ஏழாயிரம் அடிக்கு மேல் வந்து
ஆறு வருஷமாக அரைவேக்காட்டுப் பருப்பு தின்கிறவள்
இங்கே காற்று மெலிந்தது என்பதை மறந்து
மதுரையில் எழுதிய விகிதத்தில்
படலம் பூசிக்கொண்டிருக்கிறேன்.

அடர்த்தியாகப் பூசினால்
மேலும் கீழும் ஒரே எண் காட்டும்,
ஆனால் ஐந்து வளைவு பின்னால்.
மெல்லிசாகப் பூசினால் உடனே சொல்லும்,
அடிவாரத்தில் மட்டும் நம்பலாம்.
இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ
ஒரு பூச்சு இருக்கவேண்டும்.
இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.
ஆய்வறிக்கையில் "உகந்த தடிமன்" என்று எழுதி
எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

நாற்பது வாட் பல்பைக் கம்பிக்குப் பக்கத்தில் இழுத்துவைத்து
ஆறாம் முறை முக்குகிறேன்.
பல்பைச் சுற்றி ஒரு கையகலம் பனி இல்லை.
போனில் வெளிச்சம் வருகிறது:
சூசைமாணிக்கம், தொண்ணூற்று இரண்டு.
இந்நேரம் டம் டம் பாறையைத் தாண்டியிருப்பார்.
தொண்ணூற்று இரண்டு இன்னும்
மூன்று வளைவு மேலே
இறங்கிக்கொண்டிருக்கிறது.