இருபத்தெட்டு மில்லிமீட்டர்

உங்கள் முகம் தெரியாது, ஏகாம்பரம்.
சளி தெரியும்.
மூச்சுக்குழாயிலிருந்து உறிஞ்சி எடுத்த இரண்டு மில்லி,
அழுகிய மாம்பழ நிறம்.
மூடியில் வயது ஐம்பத்திரண்டு, படுக்கை ஏழு.

செம்மறி ரத்தம் கலந்த தட்டில் உங்களைக் கோடிழுத்தேன்.
மறுநாள் இரவு
பொட்டுப் பொட்டாய்ப் பொன்.
குந்துமணிப் பொன்னுக்கும் பூரிக்கிற ஊரில்
எனக்கு வயிறு கலங்கியது.

'முன்பு எடுத்த மருந்துகள்' என்ற கட்டத்தில்
யாரோ நுணுக்கி எழுதியிருந்தார்கள்:
கடையில் கேட்டு வாங்கியது. ஒரு நீலம், ஒரு வெள்ளை.
மூன்று வேளை. பிறகு வேலைக்குப் போய்விட்டார்.

குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.
போன மழைக்கு அயனாவரத்தில்
"ரெண்டு போதும்ண்ணே" என்று
அட்டையைக் கத்தரித்து வாங்கியவள்தான் நானும்.

மருந்து தோய்த்த வில்லைகளை வைத்தேன்.
அஞ்சுகிற கிருமி விலகி நிற்கும்,
வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழும்.
உங்களுடையவை விலகவில்லை.
தண்ணி லாரியைச் சூழ்ந்த குடங்களாய்
விளிம்புவரை வந்து இடித்துக்கொண்டு நின்றன.
முதல் வில்லை. அடுத்தது. அதற்கடுத்தது.

கடைசி வில்லையில்தான்
துடைத்துவிட்டதுபோல ஒரு வெற்றிடம்.
ஸ்கேலை வைத்து அளந்தேன். மறுபடி அளந்தேன்.
இருபத்தெட்டு.

ஐந்தே முக்காலுக்கு வார்டுக்கு அழைத்தேன்.
"லைனசோலிட் கேக்குது, சிஸ்டர்."
செலின் எழுதிக்கொண்டே சொன்னாள்:
பாரிமுனையில் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் கூப்பிடுகிறவராம்.
கழுத்தில் துளை, குழாய், பேச்சு வராது,
அட்டையில் எழுதிக் காட்டுகிறாராம்:
ஃபேனை நிறுத்து.

அப்புறம் உங்கள் பெயரில் குப்பி எதுவும் வரவில்லை.
வீட்டுக்குப் போனவர்களிடமிருந்தும் வராது,
மற்றபடி போனவர்களிடமிருந்தும்.
செலின் இப்போது பிரசவ வார்டில்.

நேற்று டியூட்டி முடிந்து பாரிமுனையில் இறங்கினேன்.
அங்கே எனக்கு வேலை ஒன்றுமில்லை.
"ராயபுரம், டோல்கேட், டோல்கேட், ஒரு ஆள், ஒரே ஆள்..."
கரகரத்த குரல். நடுவில் ஓர் இருமல்.
கழுத்தைச் சுற்றித் துண்டு.

இந்த வெயிலில் துண்டு.

கொஞ்சம் தள்ளியே நின்றேன்,
எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியாது.
"என்னம்மா பாத்துக்கினே கீறே, ஏறு" என்றார்.

ராயபுரத்தில் எனக்கு யாருமில்லை.
ஏறினேன்.