கடன் வாங்கிக் கழித்தல்

அஞ்செட்டியில் ஆறு மணிக்குள் வகுப்பை முடித்துவிட வேண்டும்.
கேழ்வரகு முற்றிவிட்டது. யானை இறங்கும்.

நாற்பத்திரண்டில் பதினேழு போனால்?
இரண்டிலிருந்து ஏழு போகாது என்றேன்.
போகாது என்றார்கள் ஒன்பது பேரும்.
அப்போ பக்கத்து வீட்டு நாலுகிட்ட
ஒரு பத்து கடன் வாங்கு.

முனிரத்னா பென்சிலைக் கீழே வைத்தாள்.
ஐந்தாம் வகுப்பு. செயலியில் இன்னும் 'அரும்பு'.
கருப்பு என்பதைக் கரும்பு என்று படித்து
சப்புக்கொட்டுகிறவள்.

"எப்போ திருப்பித் தரணும் மிஸ்?"
எதை?
"அந்தப் பத்தை."
தர வேண்டாம், கணக்கில் அப்படித்தான்.
"அந்த நாலு சும்மா விட்ருமா?
ராத்திரி வந்து கதவ ஒதைக்காதா?"

அவள் வீட்டுக் கதவைப் பார்த்திருக்கிறேன்.
அட்வான்ஸ் கொடுத்த மேஸ்திரியின்
செருப்புத் தடம், இடுப்பு உயரத்தில்.

எனக்கும் மூன்று மாத ஊக்கத்தொகை வரவில்லை.
இந்தச் சாக்பீஸ் டப்பாவே
மளிகைக் கடை நோட்டில் என் பேரில் நிற்கிறது.

பலகையை அழித்தேன்.
குச்சிக் கட்டுகள் நாலை அவள் மடியில் போட்டேன்.
உதிரி இரண்டு.
எல்லாம் உன்னுதுதான். யாருக்கும் தர வேண்டியதில்லை.
ஒரு கட்டை அவிழ்.

அவிழ்த்தாள்.
ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு
நிதானமாக ஏழை எடுத்து வைத்தாள்,
பிறகு ஒரு முழுக் கட்டை.
மிச்சத்தை இரண்டு தடவை எண்ணினாள்.

காட்டோரம் தகரம் தட்டும் சத்தம்.
பைகள் ஓடின.

செயலி கேட்கிறது:
கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா?
ஆம். இல்லை.
இரண்டையும் தொடாமல்
சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடக்கிறேன்.