கோழிகளுக்கு ரத்தம் இருப்பதில்லை

ஸ்பிரிங்டேலில் அதிகாலை மூன்று இருபது.
இரண்டு நொடிக்கு ஒரு கோழி
தலைகீழாக வருகிறது.
எனக்கு ஒன்றுக்கு வருகிறது.

கையைத் தூக்கினேன்.
டாரல் பார்த்தார்,
பார்க்காதவர் பார்க்கிற மாதிரி.
கெட்டவர் இல்லை.
என் இடத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும்,
அந்த ஆளின் இடத்தில் இன்னோர் ஆள்.
அதுவரை
தொடையை நெருக்கிக்கொண்டு
எலும்பிலிருந்து நெஞ்சுக்கறியைப் பிரிக்கிறேன்.

"இப்போதுதானே போனாய், ரோஸ்டினா?"
ஆமாம். இப்போதுதான் போனேன்.
இப்போதுதான் குடித்தேன்.
இப்போதுதான் மறுபடியும்
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது.
மாஜுரோவில் கூரைத் தண்ணீரை
அளந்து குடித்து வளர்ந்தவள் நான்.
அங்கேகூட இப்படி ஒரு தாகத்தை
அறிந்ததில்லை.

பக்கத்துக் கத்தி லிபோனுடையது.
அவள் ஒரு வழி வைத்திருக்கிறாள்.
கிழவர்களுக்கான அணையாடை,
மளிகைக் கடையில் கடைசி வரிசை,
இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்.
வெட்கமாக இல்லையா என்றேன்.
வெட்கப்படுவதற்கும்
ஆள் மாற்றிவிட வேண்டுமே என்றாள்.
முகக்கவசத்துக்குள் சிரித்தோம்.
சிரித்தால் எனக்குச் சொட்டும்,
சீக்கிரம் நிறுத்திக்கொண்டேன்.

மகன் பிறந்தபோது பதினொரு பவுண்டு.
சபையே எழுந்து கைதட்டியது:
மல்யுத்த வீரன்! மீன்பிடிப் படகு!
டாக்டர் மட்டும் தட்டவில்லை.
உனக்குச் சர்க்கரை, என்றார்.
பிள்ளை பிறந்ததும் போய்விடும்,
போனது திரும்பியும் வரலாம்,
வருடா வருடம் ரத்தம் பார்த்துக்கொள்.
வருடா வருடம் பார்த்தேன்
வீட்டு வாடகையை.

முதல் பிறந்தநாளுக்கு முந்நூறு பேர்.
ஏழு கேக், எட்டுப் பானைச் சோறு,
நாங்களே வெட்டிய கோழி.
முதல் துண்டு தாய்க்கு.
முந்நூறு பேர் பார்த்திருக்க
வேண்டாம் என்று சொல்லும் வாயை
என்னோடு யாரும் பெற்றுப்போடவில்லை.

பிறகு அரிப்பு.
எங்கே என்று எழுத மாட்டேன்,
எங்கே என்று உங்களுக்குத் தெரியும்.
இரவில் ஈரத்துணி வைத்துக்கொண்டு படுத்தேன்.
கிளினிக்குக்குப் போனேன்.
எங்கள் பேச்சை ஆங்கிலமாக்க
ஒருவரை அழைத்து வந்தார்கள்.
ஜோர்போன். எனக்கு அண்ணன் முறை.
அண்ணன் முன்னால்
இடுப்புக்குக் கீழே
எனக்கு உடம்பே கிடையாது.
தலைவலி, என்றேன்.
தலைவலி, என்றார் ஆங்கிலத்தில்.
நல்ல மாத்திரை கொடுத்தார்கள்.

மூன்று நாற்பது.
கையுறையின் கட்டைவிரலில்
சிவப்பாக ஏதோ ஊறுகிறது.
கோழியுடையது என்று நினைத்தேன்.
அப்புறம்தான் உறைத்தது:
இங்கே வந்து சேரும்போது
கோழிகளுக்கு ரத்தம் இருப்பதில்லை.

லிபோன் கத்தினாள்.
விரல் கத்தவில்லை. அது மரத்துப்போய்
எத்தனை மாதமாயிற்றோ.

வரிசை நின்றது.
முதல் முறையாக
அந்தக் கொக்கிகள் ஆடாமல் தொங்குவதைப் பார்த்தேன்.
மூத்திரத்துக்கு நிற்காதது
ரத்தத்துக்கு நிற்கிறது.
டாரல் ஓடி வந்தார். முதலுதவி அந்தப் பக்கம்.
நான் இந்தப் பக்கம் நடந்தேன்,
கையை உயரத் தூக்கிப் பிடித்தபடி,
கழிவறைக்கு.
யாரும் தடுக்கவில்லை.
அவசரப்படாமல் இருந்தேன்.

நர்ஸ் மர்லீஸ் தையல் போட்டாள்.
வலிக்கிறதா என்று முகத்தால் கேட்டாள்.
இல்லை என்று முகத்தால் சொன்னேன்.
சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால்
ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு படிவம்.
அதில் ஓர் உருவம், முன்புறம், பின்புறம்.
முகமில்லை, மார்பில்லை, பெயரில்லை.
அடிபட்ட இடத்தில் பெருக்கல் குறி போடு.

கட்டைவிரலில் போட்டேன்.
பேனாவைத் திருப்பிக் கேட்டு அவள் கை நீட்டினாள்.
நான் கொடுக்கவில்லை.
இரண்டு பாதத்திலும் போட்டேன்.
கண் இருக்க வேண்டிய இடத்தில் போட்டேன்.
கதவைப் பார்த்தேன். வெளியே ஆண் குரல்கள்.
அந்த உருவத்தின்
தொப்புளுக்கு ஒரு சாண் கீழே
பேனாவை வைத்து
எடுக்காமல் இருந்தேன்.

மர்லீஸ் எழுந்து போய்
கதவைச் சாத்தினாள்.