நாற்பத்தேழாம் கேள்வி

உலான்பாத்தர். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உப்பிட்ட பால் தேநீர் ஆடை கட்டிவிட்டது.
மாதிரித் தேர்வு இரண்டு, கேள்வி நாற்பத்தேழு:

*கொதிகலனின் நீர்மட்டக் கண்ணாடியில்
நீர் தென்படவில்லை.
முதலில் என்ன செய்வீர்?*

அ. உடனே நீர் விடுவேன்.
ஆ. எரிபொருளை நிறுத்துவேன்.
இ. கண்ணாடியின் வடிகுழாயைத் திறந்து பார்ப்பேன்.
ஈ. மேலாளரை அழைப்பேன்.

அ போகட்டும்.
காய்ந்து சிவந்த இரும்பில் தண்ணீர் பட்டால்
கூரை எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது.
ஈ-யும் போகட்டும்.
எங்கள் மியாக்மார் இரவில் போனை எடுப்பதே இல்லை.
அது கேள்வித்தாளுக்குத் தெரியாதே என்று
அடித்த கோட்டை அழித்தேன்.
பிறகு வேறு காரணத்துக்காக
அதே கோட்டை அடித்தேன்.

மிச்சம் இரண்டு.
எனக்கு எப்போதும் மிச்சம் இரண்டு.
போன வருடம் தோற்றதும் இரண்டு மதிப்பெண்ணில்.

பதினோரு குளிர்காலம்
அந்தக் கண்ணாடி முன் நின்றவள் நான்.
முழுக்க வற்றினாலும் அது வெறுமையாய்த் தெரியும்,
முழுக்க நிரம்பினாலும் அப்படியே.
நடுவில் எங்கேனும் ஒரு கோடு நடுங்கினால்தான்
தண்ணீர் இருக்கிறதென்று அர்த்தம்.

நான் படித்ததும் அப்படித்தான் போலும்.
எல்லாம் தெரிந்த பக்கமும்
ஒன்றும் தெரியாத பக்கமும்
ஒரே மாதிரி பளிச்சென்று இருக்கின்றன.

இ என்கிறது கை. அது திறந்து பார்த்துப் பழகிய கை.
ஆனால் திறந்து பார்க்கிற அரை நிமிடமும்
கீழே நிலக்கரி எரிந்துகொண்டிருக்குமே?
'முதலில்' என்ற சொல்லின் மேல்
பென்சில் முனை நின்றுவிட்டது.

கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.
விடை ஆ என்று அச்சு.
யாரோ அதை அடித்து இ என்று எழுதியிருக்கிறார்கள்.
பச்சை மையில் இன்னொருவர் அதையும் அடித்து,
மறுபடி ஆ, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
எனக்கு முன் இந்தப் புத்தகம் வைத்திருந்தவர்கள்.
தேறினார்களோ என்னவோ.

ஆ என்று குறித்தேன்.
ஓரத்தில் சின்னதாய்:
*தீ நின்றால் யோசிக்க நேரம் கிடைக்கும்.*
தப்பானாலும்
எங்கே தப்பினேன் என்றாவது தெரியட்டும்.

சுவரோரம் வெந்நீர்க் குழாய் இருமுறை தட்டுகிறது.
இன்றிரவு கண்ணாடி முன் ஒயூன்பிலெக்.
அவளுக்கு விடைத்தாள் இல்லை.
அறை கதகதப்பாகவே இருக்கிறது.

நாற்பத்தெட்டு: *பாதுகாப்பு வால்வு...*