மூன்று ஜிபி ஒழுங்கை

தம்பி ஜெயரூபனுக்குப் பாதி வேணுமாம்.
"ரெண்டு டெராபைட்டும் உனக்கு என்னத்துக்கு அக்கா,
வெறும் தண்ணிச் சத்தத்துக்கு?"
அவனிடம் இருப்பது ட்ரோன்,
கலியாண வீடுகளை மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்.
என்னிடம் இருப்பது,
நிலாவெளிக்கு வெளியே, கடலின் தரை
சட்டென்று அறுந்து விழும் இடத்தில்
கயிற்றில் இறக்கிய ஒலிவாங்கி
மூன்று பருவமாய்க் கேட்டு வந்தது.

சரி என்றேன். ஆனால்
இரவோடிரவாய்க் கதியாலைப் பிடுங்கி
ஒரு முழம் தள்ளி நடுகிற வேலையல்ல இது.
முதலில் ஒரு பிரதி.

கிண்ணியாவில் நஸ்மியாவிடம் ஒரு டிஸ்க் சும்மா கிடந்தது.
துவாயில் சுற்றி மடியில் வைத்து,
பஸ் குலுங்கிய இடமெல்லாம்
முட்டை கொண்டுவருகிறவள் மாதிரி
மூச்சைப் பிடித்துக்கொண்டு பாலம் கடந்தேன்.

ஏகாம்பரம் வீதி அறையில்
பதினொரு மணித்தியாலம் ஓடியது கொப்பி.
கரண்ட் போனால் என்று இரவல் யூபிஎஸ்.
வயரில் கால் படாமலிருக்கக் கதிரை குறுக்கே.
பூனை வெளியே.

முடிந்தது என்று திரை சொன்னதை நான் நம்பவில்லை.
எண்ணினேன்.
அங்கே நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு.
இங்கே பதினைந்து.
பெயர் நீண்டுபோனதால் ஒன்று ஏறவில்லையாம்.
பெயரைக் குறுக்கி ஏற்றினேன்.
பிறகு கண்டபடி பத்தைத் திறந்து கேட்டேன்.
பங்குனி பதினாலு, விடிய ஐந்தரை:
அவசரப்பட்ட மணிக்கூடு போல ஒரு திமிங்கிலம்
டிக் டிக் டிக்.
பிரதியிலும் அதே அவசரம்.

அதன் பிறகுதான் எல்லை.
'சுருக்கு' என்ற இடத்தை அழுத்தினேன்.
எண்ணூறு ஜிபி வெறுமை கண்ணுக்குத் தெரிகிறது.
முப்பத்தெட்டுத்தான் தரலாம் என்கிறது இயந்திரம்.
பந்தி முடிந்து எல்லோரும் கைகழுவப் போனபின்னும்
கடைசிக் கதிரையில் குந்தியிருக்கும் மாமாவைப் போல
வட்டின் அந்தலையில் ஒரு கோப்பு.
எழும்பாதாம்.

யாரென்று தேடினேன்.
டொலர் குறியில் தொடங்கும் பெயர்.
வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பு:
எது வந்தது, எது மாறியது,
எதை எப்போது அழித்தேன்.

திமிங்கிலங்கள் நகரச் சம்மதம்.
நகராதது நாட்குறிப்பு.

அதை நீக்கலாம், ஒலிகளுக்கு ஒன்றும் ஆகாது
என்று எனக்குத் தெரியும்.
படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் செய்தும் கொடுத்திருக்கிறேன்.
ஆனாலும் விரல் நின்றது.
போன வருடம் ஒரு ஃபோல்டரை அழித்தேன்.
பெயர் சொல்லமாட்டேன்.
அது இருந்தது என்பதற்கு
இந்த வட்டில் மிச்சமிருக்கக்கூடிய ஒரே எழுத்து
இந்தக் குறிப்பில்தான்.
நஸ்மியாவின் டிஸ்க்கில் எல்லாம் இருக்கிறது,
இது மட்டும் இல்லை.
பிரதி எடுக்க வேண்டும் என்று
எனக்குத் தோன்றவேயில்லை.

தேத்தண்ணி போட்டேன். குடிக்கவில்லை.
நீக்கினேன்.

மாமா எழும்பினார். எண்ணூறும் திறந்தது.
'ஃபோர்மட் செய்யவா?' என்று கேட்டபோது
எந்தத் துண்டை என்று
அளவை இரண்டு தரம் வாசித்து,
விரலால் திரையில் தொட்டு,
பிறகுதான் ஓம் என்றேன்.

அவனுக்கு ஒரு பக்கம். எனக்கு ஒரு பக்கம்.
நடுவில் மூன்று ஜிபி
யாருக்கும் எழுதாமல் விட்டேன்.
"இது என்ன?" என்றான்.
"ஒழுங்கை."
"ஆர் நடக்க?"
பதில் இல்லை என்னிடம்.
அவன் அதற்குள் ஒரு மணப்பெண்ணைக்
கோணேசர் மலைக்கு மேலாகப் பறக்கவிட்டு
வட்டில் இறக்கத் தொடங்கிவிட்டான்.

இனிக் கழற்றலாம் என்று திரையில் வந்த பிறகும்
விளக்கு அணையும்வரை பொறுத்தே கழற்றினேன்.
நஸ்மியா இரண்டு தரம் எடுத்துக் கேட்டாள்.
அவளுடைய டிஸ்க்கை இன்னும் கொடுக்கவில்லை.
ஒரு மாதம் போகட்டும்.